கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை



ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் விவரப் படிவங்களைச் சரிபார்ப்பது வகுப்பாசிரியர்களின் தலையெழுத்து. பெயர், பிறப்புச் சான்றிதழ் எண், முகவரி, தந்தையின் தொழில், குடும்ப வருமானம் எனக் கட்டங்கள் நீண்டுகொண்டே போகும். எங்கள் செமிலிங், பீடோங் வட்டாரத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் பல வேளைகளில் 'கிலாங்' என்ற ஒரே சொல்தான் எழுதப்பட்டிருக்கும். ஆலையில் வேலை என்று பொருள். ஆலையில் என்ன வேலை என்று எழுதும் வழக்கம் இல்லை. கேட்கும் வழக்கமும் இல்லை.

இவ்வாண்டு நான் கேட்டேன். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "செம்பனை ஆலை, டீச்சர்" என்றான். அங்கே அப்பாவுக்கு என்ன வேலை என்று மேலும் கேட்டதும் சற்றுத் தயங்கினான். பிறகு, "அப்பா ஒன்னும் செய்ய மாட்டார் டீச்சர். மெஷின் கெட்டுப்போகாம பார்த்துக்குவார்" என்றான். வகுப்பே சிரித்துவிட்டது. அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் என் தந்தையாரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த 'ஒன்றும் செய்யாத' வேலையைத்தான் செய்தார்.

அப்பாவின் பதவிப் பெயர் 'என்ஜின் டிரைவர்', இரண்டாம் நிலை. சிறுவயதில் அவர் ரயில் ஓட்டுகிறார் என்றே நான் நம்பியிருந்தேன். பள்ளித் தோழிகளிடமும் அப்படியே சொல்லி வைத்திருந்தேன். சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்தில் ஒருமுறையாவது அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று கனவு கண்டதுண்டு. பிறகுதான் தெரிந்தது, அவர் ஓட்டியது நகராத என்ஜின் என்று. செம்பனை ஆலையின் கொதிகலனைக் கவனித்துக்கொள்ளத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு நம் நாட்டில் வழங்கிவந்த பெயர் அது. தோட்டத்து மக்கள் சுருக்கமாக 'பாய்லர்காரர்' என்பார்கள்.

ஜெராய் மலையடிவாரத்தில் முன்பு ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் பெரும்பாலும் இன்று செம்பனை நிற்கிறது. ஆனால் செம்பனைக் குலை ஆலைக்குள் நுழைந்தபின் என்ன ஆகிறது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பறித்த பழத்தில் கொழுப்பைச் சிதைக்கும் நொதி ஒன்று வேலை செய்யத் தொடங்கிவிடும். அதை விரைவில் நிறுத்தாவிட்டால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறித் தரம் கெடும். அதற்காகக் குலைகளைக் கூண்டு வண்டிகளில் ஏற்றி, 'ஸ்டெரிலைசர்' எனப்படும் நீண்ட உருளைக் கலனுக்குள் தள்ளி, கதவைப் பூட்டி, நீராவியைச் செலுத்துவார்கள். ஏறத்தாழ 3 பார் அழுத்தம், 140 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பம், ஒன்றரை மணி நேர அளவு. வெந்த குலையிலிருந்து பழங்களை உதிர்த்து, மசித்து, திருகு அழுத்திகளில் பிழிவார்கள். பிழிந்த சக்கையின் நாரும் கொட்டையின் ஓடும் கொதிகலனுக்கே எரிபொருளாகத் திரும்பிச் செல்லும். கொதிகலனுக்குள் இருப்பது 20 பார் அளவிலான அழுத்தம். அந்த அழுத்தத்தில் நீர் 200 பாகைக்கு மேலும் நீராகவே அடங்கிக் கிடக்கும். சுவர் எங்கேனும் கிழிந்தால், அடங்கிக் கிடந்த நீரில் ஒரு பகுதி நொடிப்பொழுதில் நீராவியாகிவிடும். வெளிக்காற்றில் ஒரு லிட்டர் நீர் நீராவியானால் அது 1,600 லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தைக் கேட்கும்.

இதை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் கண்களை அகல விரித்தார்களே தவிர, அவர்களுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே கணிதப் பாடநூலை எடுக்கச் சொன்னேன். ஸ்டெரிலைசர் கதவின் குறுக்களவு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 31,400 சதுர சென்டிமீட்டர். ஒரு பார் என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை அழுத்துவதற்கு ஒப்பானது. அப்படியானால் 3 பாரில் அந்தக் கதவை உள்ளிருந்து தள்ளும் விசை எவ்வளவு? பெருக்கினார்கள். 94,200 கிலோ. ஒரு மைவி கார் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளது. எனவே 94 மைவி கார்கள். வகுப்பில் ஓர் "அம்மாடி" கேட்டது.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. வேகவைத்து முடிந்ததும் நீராவியை வெளியேற்றிவிட்டார்கள். அழுத்தமானியின் முள் சுழியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சரியாகச் சுழியமா, 0.1 பாரா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது கதவைத் திறக்கலாமா? பலரும் திறக்கலாம் என்றார்கள். பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். 3,140 கிலோ. மூன்று மைவி கார்கள் கதவுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கதவின் முன்னால் ஒரு மனிதர் நிற்கிறார்.

இந்தக் கணக்கு எனக்குப் பாடநூலிலிருந்து வந்ததன்று. நான் ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவோடு முன்பு வேலை செய்து வேறோர் ஆலைக்கு மாறிச் சென்ற மாமா ஒருவர் இப்படித்தான் வெந்துபோனார். உறவுமுறையில் மாமா அல்லர். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் மாமா. அழுத்தம் இருக்கும்வரை கதவைத் திறக்கவிடாமல் தடுக்கும் பூட்டு ஒன்று அங்கே பழுதாகிப் பல நாள்களாகக் கம்பியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததாம். மீதி நீராவி இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சிறு குழாய் நார் அடைத்துக் கிடந்ததாம். அழுத்தமானியின் முள் அசையாமல் சுழியத்தில் நின்றதாம். மூன்றும் ஒரே நாளில் கெட்டவை அல்ல. ஒவ்வொன்றாகக் கெட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆள்கள் பழகிப்போய், மூன்றும் ஒருசேர அமைந்த நாளில் கதவு திறந்தது. மாமா பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்து உயிரோடு திரும்பினார். ஆனால் அவருடைய வலக்கை விரல்கள் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் இடக்கையால் முறுக்கை எடுப்பார். பிள்ளைகளான எங்களுக்கு அது விசித்திரமாக இருக்கும்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு அப்பாவிடம் ஒரு மாற்றம் வந்தது. முன்பும் கவனமானவர்தாம். ஆனால் அதன்பின் தமக்கெனத் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டார். ஆலையின் பதிவேடு ஆலையிலேயே இருக்கும். அதில் எழுதியதையெல்லாம் தம் நோட்டிலும் தமிழில் எழுதி வீட்டுக்குக் கொண்டு வருவார். 'கண்ணாடி சோதனை, சரி.' 'தண்ணீர் விட்டது, இரண்டு முறை.' 'பம்ப் எண் 2, சத்தம்.' இப்படி. அப்பா தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அவருடைய கையெழுத்து என் கையெழுத்தைவிட அழகு.

'கண்ணாடி சோதனை' என்றால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன். கொதிகலனுக்குள் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் தெரியும் நீர்மட்டமே உள்ளே இருக்கும் நீர்மட்டம். ஆனால் கண்ணாடிக்குப் போகும் வழி சேற்றால் அடைபட்டுவிட்டால், உள்ளே நீர் குறைந்தாலும் கண்ணாடி பழைய மட்டத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே ஒவ்வொரு ஷிப்டிலும் அடிக்குழாயைத் திறந்து கண்ணாடியிலுள்ள நீரை வெளியே விட்டு, மீண்டும் மூடி, நீர் விரைந்து பழைய மட்டத்துக்கு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவாக ஏறினால் அடைப்பு. "கண்ணாடியைப் பார்க்கறது வேலை இல்லம்மா, கண்ணாடி பொய் சொல்லுதான்னு பார்க்கறதுதான் வேலை" என்பார்.

கண்ணாடியில் நீரே தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டிருக்கிறேன். உடனே தண்ணீரைப் பாய்ச்சுவார் என்று நினைத்தேன். இல்லை. முதலில் நெருப்பை அணைக்க வேண்டும். நீரில்லாமல் பழுக்கக் காய்ந்த குழாய்களின் மீது தண்ணீர் பட்டால் விபரீதம். பதற்றத்தில் கை தானாகச் செய்யத் துடிப்பது ஒன்று, செய்ய வேண்டியது வேறொன்று. அதனால்தான் அந்த வேலைக்குத் தேர்வும் சான்றிதழும் வைத்திருக்கிறார்கள்.

'தண்ணீர் விட்டது' என்ற வரிக்கும் ஒரு பொருள் உண்டு. கொதிக்கக் கொதிக்க நீராவி மட்டுமே வெளியேறும்; நீரில் கரைந்திருந்த உப்பும் மண்ணும் உள்ளேயே தங்கிச் செறிந்துகொண்டு போகும். அவ்வப்போது அடியிலிருந்து கொஞ்சம் நீரைத் திறந்து விடாவிட்டால் குழாய்களின் உட்புறம் காறை படியும். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே காறைதான். காறை வெப்பத்தை நீருக்குள் விடாது. விடாத வெப்பம் இரும்பிலேயே தங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கொதிகலன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்; உள்ளே குழாய் மெல்ல மெல்ல இளகிக்கொண்டிருக்கும்.

அப்பாவின் நோட்டில் ஓரிடத்தில் தொடர்ந்து பதினொரு நாள்கள் ஒரே வரி இருக்கிறது: 'சேப்டி வால்வு கசிவு. மாற்ற வேண்டும்.' அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்து நீராவியை வெளியேற்றும் வால்வு அது. கொதிகலனின் கடைசிக் காவல். கசியும் வால்வைச் சமாளிக்க ஓர் எளிய குறுக்கு வழி உண்டு. மேலே உள்ள திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டால் கசிவு நின்றுவிடும். ஆனால் திறக்க வேண்டிய அழுத்தத்தில் அது திறக்காது. அப்போது பழம் குவியும் பருவம். கொதிகலனை ஒருநாள் நிறுத்தினாலும் வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இறுக்கிவிடச் சொன்னார்கள். அப்பா இறுக்கவில்லை, எழுதினார். மறுநாளும் எழுதினார். "எதுக்கு தினமும் ஒரே வரியை எழுதுறீங்க?" என்று மேலிருந்து கேட்டார்களாம். "தினமும் கசியுதுங்க" என்றாராம். பன்னிரண்டாம் நாள் வரி மாறியிருக்கிறது: 'புது வால்வு போட்டது.'

அவ்வளவுதான். இந்தக் கதையில் வெடிப்பு இல்லை, யாரும் சாகவில்லை, நாளிதழில் செய்தியும் வரவில்லை. அதனாலேயே இப்படிப்பட்ட கதைகளை யாரும் சொல்வதில்லை. நடக்காமல் போன ஒன்றுக்கு யார் மாலை போடுவார்கள்?

நடந்துவிட்டவற்றைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த நேரத்தில், சிறைமீண்ட வீரர்களை ஏற்றிக்கொண்டு மிசிசிப்பி ஆற்றில் சென்ற 'சுல்தானா' என்னும் நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் 1865 ஏப்ரல் 27 அன்று வெடித்தன. 376 பேருக்கான கப்பலில் 2,000 பேருக்கும் மேல் ஏற்றப்பட்டிருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பயணத்தின் நடுவே ஒரு கொதிகலன் கசிந்திருக்கிறது. முறையாகச் செப்பனிடச் சில நாள்கள் ஆகும் என்று தொழிலாளி சொல்லியிருக்கிறார். அவ்வளவு நாள் காத்திருக்க மனமில்லாமல் ஒட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். 1905 மார்ச் 20 அன்று அதே நாட்டின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தனர். அதன் பின்னரே மாசசூசெட்ஸ் மாநிலம் 1907இல் கொதிகலன்களுக்குச் சட்டவிதிகளை வகுத்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் கொதிகலன் விதிநூலும் 1914இல் உருவானது.

அவ்வளவு தொலைவு போக வேண்டாம். தமிழ்நாட்டில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7ஆம் நாள் ஓர் அலகின் கொதிகலன் பகுதியில் விபத்து, உயிர்கள் போயின. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1ஆம் நாள் அதே நிலையத்தின் வேறோர் அலகில் மீண்டும் விபத்து. அன்று மட்டும் ஆறு பேர் இறந்தார்கள். காயமுற்றவர்களில் மேலும் சிலர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார்கள். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தபடி தொலைக்காட்சியில் அச்செய்தியைப் பார்த்தபோது, அப்பா அதிகம் பேசவில்லை. "ஒரே எடத்துல ரெண்டு தடவையா?" என்று மட்டும் கேட்டார்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் நாம் நினைப்பதைவிடப் பழையது. சிலாங்கூரில் 1892ஆம் ஆண்டிலேயே கொதிகலன் சட்டம் வந்துவிட்டது. நம் தாத்தா பாட்டிகளில் பலர் கப்பலேறும் முன்பே இங்கே கொதிகலன்களைச் சோதிக்க ஆள் இருந்திருக்கிறார் என்பது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. பின்னர் பல சட்டங்கள் வந்து, 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் நெடுங்காலம் நிலைத்தது. கொதிகலனுக்கும் ஸ்டெரிலைசர் போன்ற அழுத்தக் கலன்களுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றும், வழக்கமான சோதனை 15 மாதங்களுக்கு ஒருமுறை என்றும் அதன்கீழ் விதிகள் இருந்தன. அச்சட்டம் 2024 ஜூன் 1ஆம் நாள் நீக்கப்பட்டது. அதே நாளில் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் இவற்றை இயக்கக்கூடாது என்பது மாறவில்லை.

சோதனைக்கு முன் கொதிகலனை அணைத்து, ஆறவிட்டு, ஆள் நுழையும் துளையைத் திறந்து, உள்ளே சுத்தம் செய்வார்கள். சோதனைகளில் ஒன்று, கலன் முழுவதும் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்துக்கு மேலாக ஏற்றிப் பார்ப்பது. ஏன் தண்ணீர்? காற்றை அடைத்தால் ஆகாதா? இதற்கு ஒரு நல்ல வகுப்பறைச் செயல்பாடு உண்டு; ஆசிரியர்கள் விரும்பினால் செய்து பார்க்கலாம். இரண்டு பலூன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காற்று, மற்றொன்றில் தண்ணீர். இரண்டையும் ஊசியால் குத்துங்கள். காற்றுப் பலூன் 'டமார்' என்று வெடிக்கும். தண்ணீர்ப் பலூன் 'சளக்' என்று கொட்டிவிடும். நீர் எளிதில் அமுங்காது. ஆகவே அதற்குள் சேர்ந்து நிற்கும் ஆற்றல் மிகக் குறைவு. கலனில் குறை இருந்தால் கசிந்து காட்டிக்கொடுக்கும், ஆளைக் கொல்லாது. (தண்ணீர்ப் பலூனை வகுப்புக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். எங்கள் பள்ளிப் பணியாளர் அக்கா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.)

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடிக்கடி கழற்றிப் பார்ப்பதுதான் நல்ல பராமரிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையில் வாடிங்டன் என்ற அறிவியலாளர் விமானப் பழுதுகளைக் கணக்கெடுத்தார். குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை செய்த உடனேயே பழுதுகள் கூடி, பிறகு குறைந்து வந்ததைக் கண்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டியதாலேயே புதுக் கோளாறுகள் நுழைந்திருந்தன. எதைக் கழற்ற வேண்டும், எதைத் தொடாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்று அறிவதும் பராமரிப்புத்தான். பிள்ளைகளுக்குப் பயிற்சிக்குமேல் பயிற்சி, கூடுதல் வகுப்புக்குமேல் கூடுதல் வகுப்பு என்று அடுக்கும் நம்மவர்களுக்கு வாடிங்டனை யாராவது அறிமுகப்படுத்தினால் நன்றாக இருக்கும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. நம் பழக்கம் மட்டும் போகவில்லை.

தேய்வதற்கென்றே செய்யப்படும் உறுப்புகளும் உண்டு. கதவுக்கும் கலனுக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையம், பம்பின் சீல், பிழியும் இயந்திரத்தின் திருகு. இவற்றைத் தேய்ந்தபின் மாற்றுவதா, தேயும் முன் மாற்றுவதா என்பதுதான் கேள்வி. பிழியும் திருகு தேய்ந்தால் யாருக்கும் காயம் வராது. சக்கையோடு எண்ணெய் போய்க்கொண்டிருக்கும், நட்டம் கணக்கில்தான் தெரியும். கதவின் வளையம் தேய்ந்தால் அப்படியன்று. நம் செமிலிங்குக்குப் பக்கத்திலேயே சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டத்து மண்ணுக்கு அடியில், பழங்காலத்து இரும்பு உருக்கு உலைகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தெடுத்தார்கள் அல்லவா? 2009 முதல் நடந்த அந்த அகழாய்வில் களிமண் ஊதுகுழல்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. உலைக்குள் காற்றைச் செலுத்தும் அக்குழல்கள் வெப்பத்தில் உருகிச் சிதையும். சிதைந்ததை எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவார்கள். மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றால் கோயில் அடித்தளத்தை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த உடைந்த குழல்களையும் காட்டுங்கள். அவ்வளவு பேர் அவ்வளவு காலம் தேய்ந்ததை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கு, குறிப்பாகச் சமையலறையில் நிற்பவர்களுக்கு, ஒரு சொல். உங்கள் வீட்டிலும் ஓர் அழுத்தக் கலன் இருக்கிறது. தெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் எலும்பை வேகவைக்கும் கலன் ஒன்றை லண்டனில் செய்து காட்டினார். அதன் அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க எடை வைத்த வால்வைப் பயன்படுத்தியவரும் அவரே. நம் குக்கரின் மேல் ஆடும் விசில் குண்டு அதன் வாரிசு. பருப்பு நுரைத்து அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும். சமைக்கும் முன் மூடியை வெளிச்சத்தில் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பாருங்கள். ரப்பர் வளையம் இறுகி வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள். மூடியிலுள்ள காப்புச் செருகி பழுதானால் கடையில் அதே குக்கருக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். ஆணியையோ திருகையோ செருகி அடைத்துவிடாதீர்கள். அடங்கும் முன் மூடியை இழுக்காதீர்கள். ஸ்டெரிலைசர் கதவுக்குச் சொன்ன கணக்கு குக்கர் மூடிக்கும் பொருந்தும், எண்தான் சிறியது.

பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் தொழில் வாரம் நடத்துகிறோம். மருத்துவர், வழக்கறிஞர், காவல் அதிகாரி, தீயணைப்பு வீரர் வருவார்கள். பக்கத்திலேயே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதால் வெள்ளை அங்கி அணிந்தவர்களுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. இவ்வாண்டு அந்த மாணவனின் தந்தையாரையும் அழைத்தேன். வரத் தயங்கினார். "நான் என்ன டீச்சர் பேசறது? நமக்கு என்ன தெரியும்?" என்றார். பேச வேண்டாம், பையில் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்றேன்.

ஒரு பழைய அழுத்தமானி, கிழிந்த வளையம் ஒன்று, சிவப்புப் பூட்டு ஒன்று, 'இயக்காதீர்' என்று மலாயில் எழுதிய அட்டை. இவற்றைத்தான் கொண்டு வந்தார். கலனுக்குள் வேலை செய்ய இறங்கும் முன் விசையை அணைத்து இந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாராம். தாம் வெளியே வந்து திறக்கும்வரை மேலாளரே வந்தாலும் இயந்திரத்தை ஓட்ட முடியாதாம். "அப்போ நீங்கதான் அங்கே பெரிய ஆளா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "உள்ளே இருக்கற வரைக்கும்" என்று சிரித்தார். பிறகு கிழிந்த வளையத்தைச் சுற்றுக்கு விட்டார். பிள்ளைகள் அதன் வெடிப்பில் விரல் நுழைத்துப் பார்த்தார்கள். இதை ஏன் தூக்கி எறியவில்லை என்று ஒருவன் கேட்டதற்கு, "இது கிழிஞ்சிருந்ததை நான் முந்தின நாள் பார்த்தேன். பார்க்காம விட்டிருந்தா மறுநாள் அங்கே நின்னது நான்தான்" என்றார். அவருடைய மகன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பூட்டைத் திருப்பித் தர மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தான்.

அடுத்த வாரம் ஒரு தாயார் என்னைப் பார்க்க வந்தார். தம் மூத்த மகன் படிவம் மூன்று முடித்ததும் தொழிற்கல்லூரியில் இயந்திரத் துறையில் சேர விரும்புகிறான், குடும்பத்தில் எல்லாரும் 'கிலாங் வேலைக்கா படிக்கிறது' என்று திட்டுகிறார்கள், டீச்சர் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யும் துணிவு எனக்கில்லை. பையனுக்குக் கணக்கு வருமா, எழுதிவைக்கும் பழக்கம் உண்டா, ஒரே வேலையை நூறாவது நாளும் முதல் நாளைப் போல் செய்வானா என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அந்த அம்மா நெடுநேரம் யோசித்தார். "அவன் அப்பாவைவிட செய்வான், டீச்சர்" என்றார். அப்படியானால் திட்டுபவர்களை என்னிடம் அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இதுவரை யாரும் வரவில்லை.

அடுத்த தவணையில் இதே போன்ற அமர்வொன்றை மீண்டும் நடத்தவிருக்கிறோம். ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் அப்பாக்கள், அம்மாக்கள், அண்ணன்மார்கள் இருந்தால் பள்ளி அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஷிப்டு நேரத்துக்கு ஏற்றாற்போல் நாளை மாற்றிக்கொள்ளலாம். உரை தயாரிக்க வேண்டாம். தேய்ந்துபோன ஏதாவது ஓர் உறுப்பு இருந்தால், எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கொண்டு வாருங்கள்.